பச்சை கறுத்தால் விளைச்சல் கூடுமா?

கேள்வி: ஐயா, எனக்கு 32 வயது. தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் 3 ஏக்கர் செய்கிறேன். போன பெரும்போகம் பிஜி 94-1 நெல் எறிந்தேன். ஏக்கருக்கு 4 அந்தர் (200 கிலோ) யூரியா போட்டேன். பயிர் கருகருவென்று வந்தது. வரம்பில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தைப்பொங்கல் கழித்துப் பெய்த மழையில் பாதி படுத்துவிட்டது. நின்ற பாதியில் அறக்கொட்டிப் பூச்சி விழுந்து வட்டம் வட்டமாக எரிந்தது. கடைசியில் ஏக்கருக்கு 18 மூடைதான் வந்தது. எனக்குப் பாதி அளவு யூரியா போட்ட பக்கத்து வயல்காரர் 30 மூடை வெட்டினார். இந்த முறை இதுவரை ஏக்கருக்கு 2 அந்தர் போட்டாயிற்று. இன்றைக்குப் பயிருக்கு 40 நாள். "நிலம் சத்துக் கெட்டுப்போய்விட்டது, இலை வெளுக்குது, இன்னும் ஒரு அந்தர் எறி" என்கிறார் மாமா. பசளைக் கடையிலும் அதையேதான் சொல்கிறார்கள். போடவா, விடவா?

இன்னொன்று. நிலாவெளியில் மச்சான் சின்ன வெங்காயம் செய்கிறார். வீட்டுக் கிணறு தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த வீட்டில் 4 மாதக் குழந்தை ஒன்று உண்டு. யூரியா கிணற்றில் இறங்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: தம்பி, கடிதத்தின் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நெல் இரண்டு மூன்று நாள் பொறுக்கும். குழந்தை பொறுக்காது.

யூரியா கிணற்றில் இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் யூரியாவாக இறங்காது. மண்ணில் விழுந்த யூரியா சில நாட்களில் அமோனியமாக மாறும். காற்றுப் புகும் மேட்டு நிலத்தில் அந்த அமோனியத்தை நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றிவிடும். அமோனியத்தைக் களிமண் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். நைத்திரேற்றை நம்முடைய மண் பிடித்து வைக்காது, தண்ணீர் போகும் வழியில் அதுவும் போய்விடும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். காலையில் இறைத்த தண்ணீர் மத்தியானத்தில் இருந்த இடம் தெரியாது. வெங்காய வேரோ ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. அந்த வேருக்குத் தப்பியது நிலத்தடி நீருக்குப் போகிறது. பிறகு அதே கிணற்றை இறைக்கிறோம், மேலே திரும்பவும் பசளை எறிகிறோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணறுகளிலும் கற்பிட்டி மணல் கிணறுகளிலும் நைத்திரேற்றுக் கூடியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் அதிலிருந்தும் சேரும்.

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் அதிகம் பயப்பட வேண்டியது 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான். அவர்களுடைய வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி இரத்தத்தில் சேர்ந்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலிமையை இழந்துவிடும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்துத் தெரியும். அப்படித் தெரிந்தால் ஒரு நிமிடமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

குழந்தை தாய்ப்பால் மட்டும் குடிக்கிறதென்றால் மனத்தை ஆற்றிக்கொள்ளுங்கள். தாயின் உடம்பு நைத்திரேற்றைப் பாலில் பெரிதாகக் கடத்துவதில்லை. மாப்பால் கரைத்துக் கொடுக்கிறார்கள் என்றால், கிணற்றைப் பரிசோதிக்கும்வரை அந்தத் தண்ணீரில் கரைக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரோ நல்ல போத்தல் தண்ணீரோ எடுக்கட்டும். "கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம்" என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர் வழங்கல் சபை அலுவலகத்திலோ கேட்டால் சொல்வார்கள். மாரிமழை நன்றாகப் பெய்து ஓய்ந்த பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை பார்த்தால் கிணற்றின் நிலை தெளிவாகத் தெரியும்.

மச்சானிடம் வெங்காயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். யூரியா கூடிய வெங்காயத்துக்குக் கழுத்துத் தடிக்கும். தாள் சாய்ந்து காய வேண்டிய நேரத்திலும் பச்சையாகவே நிற்கும். பிடுங்கிப் பிடி கட்டித் தொங்கவிட்டால், காயாத அந்தக் கழுத்து வழியாக அழுகல் உள்ளே இறங்கும். விலை வரும் என்று 2 மாதம் வைத்திருக்க நினைத்த வெங்காயம் 3 கிழமையில் மணக்கத் தொடங்கினால் பெரும்பாலும் காரணம் இதுதான். மணலில் ஒரே தடவையாகக் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, எருவோடு சேர்த்துப் போடட்டும். குமிழ் பருக்கத் தொடங்கிய பிறகு யூரியாப் பக்கமே போகக்கூடாது.

சரி, இனி உங்கள் வயலுக்கு வருவோம். போட வேண்டாம். இந்தப் போகத்துக்கு உங்கள் வயலில் யூரியாக் கணக்கு முடிந்துவிட்டது.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்ப்போம், மாமாவுக்கும் காட்டலாம். யூரியாவில் 46 வீதம் நைதரசன். நீங்கள் போன போகம் போட்ட 4 அந்தரில், அதாவது 200 கிலோவில், 92 கிலோ நைதரசன் இருந்தது. ஒரு தொன் நெல் விளைய, வைக்கோலும் சேர்த்து, பயிர் மொத்தமாக எடுப்பது ஏறத்தாழ 15 கிலோ நைதரசன். பக்கத்து வயல்காரர் வெட்டிய 30 மூடை சுமார் 2 தொன். அதற்கு 30 கிலோ போதும். அதிலும் ஒரு பங்கை மண்ணே கொடுக்கும். உலர் வலயத்தில் நீர்ப்பாசனத்தில் செய்யும், உங்களுடையதைப் போன்ற மூன்றரை மாத நெல்லுக்கு விவசாயத் திணைக்களம் சொல்லிவந்த அளவு ஹெக்டேயருக்கு 225 கிலோ யூரியா. ஏக்கருக்கு ஏறத்தாழ 90 கிலோ, அந்தர்க் கணக்கில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. அதையும் ஒரே மூச்சில் இல்லாமல் நாலு தடவையாகத்தான் போடச் சொல்வார்கள். நீங்கள் 40 நாளிலேயே 100 கிலோ போட்டுவிட்டீர்கள்.

அப்போ மிச்சம் 60 கிலோ எங்கே போனது என்று கேட்பீர்கள். ஒரு பங்கு காற்றில் போனது. உச்சி வெயிலில் தேங்கிய தண்ணீரில் யூரியா எறிந்துவிட்டு, அடுத்த இரண்டு மூன்று நாளில் வரம்பில் நின்றால் சிலவேளை மூக்கில் ஒரு கார நெடி ஏறும். அது உங்கள் காசின் மணம். வயல் தண்ணீரில் உள்ள பாசி, பகல் வெளிச்சத்தில் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் தண்ணீரின் காரத்தன்மை கூடுகிறது. அந்த நேரத்தில் அமோனியம் அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும். இன்னொரு பங்கு வரம்பில் வெட்டிய வக்கடை வழியாக வழிந்து வடிகாலுக்குப் போனது. நம்முடைய வடிகால் தண்ணீர் கடைசியில் தம்பலகாமக் குடாவைப் போய்ச் சேர்கிறது. அங்கே இறால் பிடித்து, நண்டு பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பசளைத் தண்ணீர் கூடினால் பாசி பெருகும், பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். வக்கடையைத் திறக்கும்போது இதையும் நினைக்க வேண்டும் என்பது என்னுடைய ஆசை.

மூன்றாவது பங்குதான் உங்களை உண்மையில் கெடுத்தது. அது பயிருக்குள் போனது.

நைதரசன் பயிருக்குப் பச்சையத்தையும் புரதத்தையும் கொடுக்கிறது. தேவைக்கு மேல் கிடைத்தால் பயிர் அதை வேண்டாம் என்று விடாது, எடுத்து இலையாக்கிக்கொண்டே இருக்கும். இலை பெரிதாகும், நீளமாகும், மெதுமெதுவென்று கீரைபோல ஆகும். நான் 28 வருடம் விவசாயப் போதனாசிரியராக வயல் வயலாக இறங்கியவன். நல்ல வெள்ளாமைக்குள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தால் முழங்காலிலும் கெண்டைக்காலிலும் கீறல் விழும், வியர்வை பட்டு எரியும். நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை எடுத்து இலை விளிம்பில் அரம்போல வைத்திருப்பதால் வரும் கீறல் அது. யூரியா மிஞ்சிய வயலில் நடந்தால் கால் கீறாது, இலை தழுவிக்கொண்டு விலகும். நமக்குச் சுகமாக இருக்கும், பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அதே சுகம்தான். உங்கள் வயலில் நாளைக்குக் காலையில் இறங்கிப் பாருங்கள். இலை நிமிர்ந்து நிற்கிறதா, நுனி வளைந்து தொங்குகிறதா, காலில் கீறுகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தண்டுக்கும் இதே கதைதான். இலை அடர்ந்தால் கீழே வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் தேடி அடிக்கணு நீளும், சுவர் மெலியும். மேலே கதிர்ப் பாரம், கீழே மெலிந்த தண்டு, அதன்மேல் தை மாத மழையும் காற்றும். படுக்காமல் என்ன செய்யும்?

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அப்பாவுடைய வயலில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். பயிற்சி முடித்து வந்த முதல் வருடம், அப்பாவின் 2 ஏக்கரில் நான் சொன்னபடி பசளை போட வேண்டும் என்று நின்றேன். திணைக்களக் கணக்கு எனக்குத் தெரியும். இருந்தாலும் பக்கத்து வயலைவிட நம்முடையது கறுத்து நிற்க வேண்டும் என்ற ஆசையில், கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்தில் ஏக்கருக்கு ஒரு அந்தர் கூடுதலாக எறிந்தேன். கதிர் முற்றி வரும் சமயம் ஒரு இரவு முழுக்க மழை. விடியப் போய்ப் பார்த்தால், எண்ணெய் வைத்து வாரிய தலைமுடி மாதிரி வயல் ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தது. சில நாள் கழித்துத் தண்ணீரில் கிடந்த கதிர்களில் முளை எட்டிப் பார்த்தது. அப்பா என்னை ஏசவில்லை. நின்ற பயிரில் ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, வாயால் ஊதினார். பெரும்பகுதி பறந்துபோனது. கையில் மிஞ்சியதை என்னிடம் நீட்டினார். விரல்விட்டு எண்ணக்கூடிய மணிகள்தான் இருந்தன. அந்த வருடம் விதைநெல்லும் கடனுக்குத்தான் வாங்கினோம்.

சப்பி, அதாவது உள்ளே அரிசி இல்லாத நெல், கூடுவதற்குக் காரணம், பயிர் காலம் தெரியாமல் இலையும் மட்டமும் (பக்கக் கிளைப்பும்) விட்டுக்கொண்டிருப்பதுதான். முதலில் வெடித்த மட்டங்களில் கதிர் முற்றும்போது, பிந்தி வெடித்த மட்டங்களில் இன்னும் குடலைதான் இருக்கும். மணிக்குப் போக வேண்டிய மாச்சத்து இலைக்கும் பிந்திய மட்டத்துக்கும் பங்கு பிரிந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று நிழல் விழுவதால் உணவு தயாரிக்கும் இலையும் குறையும். அறுவடையும் ஒரு கிழமை பத்து நாள் பிந்தும். அந்தப் பத்து நாளில்தான் மழையும் பூச்சியும் வந்து சேரும்.

அறக்கொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முறையும் அது உங்கள் வயலைத் தேடி வரக்கூடும். திணைக்களத்தார் கபிலநிறத் தத்தி என்பது இதைத்தான். தண்டின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாறு குடிக்கும். நைதரசன் மிஞ்சிய பயிரின் சாறு அதற்கு விருந்து. அந்தச் சாற்றைக் குடிக்கும் பெண் பூச்சி கூடுதலாக முட்டையிடுகிறது, குஞ்சுகளும் கூடுதலாகத் தப்பிப் பிழைக்கின்றன. அடர்ந்த பயிரின் அடியில் எப்போதும் ஈரமும் இருட்டும். அதற்கு வேறென்ன வேண்டும்? மேலே நின்று பார்த்தால் பச்சைக் கடல், கீழே ஆயிரக்கணக்கில் குடியிருக்கும். நமக்குத் தெரியவரும்போது வயல் நடுவில் பாய் விரித்த அளவுக்கு எரிந்திருக்கும்.

ஆகவே இன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு தடவை வயலின் நடுவுக்குப் போங்கள், வரம்பில் நின்று பார்த்தால் போதாது. பத்துப் பன்னிரண்டு இடத்தில் குனிந்து, பயிரைச் சாய்த்து, அடித்தண்டில் கையால் தட்டுங்கள். தண்ணீரில் விழுவதை எண்ணுங்கள். ஒரு தண்டுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தால் பதற வேண்டாம். கூடவே சிலந்தியும் விழும், அது உங்கள் ஆள். ஓநாய்ச் சிலந்தி என்று ஒன்று இருக்கிறது, தண்ணீர்மேல் ஓடித் தத்தியைப் பிடித்துத் தின்னும். கண்ட மருந்தையும் முற்கூட்டியே அடித்தால் முதலில் சாவது அந்தச் சிலந்திதான். அப்புறம் தத்திக்குக் கேட்பாரில்லை. இலைப் புழுவுக்குத்தான் அடித்தோம், அறக்கொட்டி ஏன் கூடியது என்று கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தத் தவறைச் செய்தவர்கள். எண்ணிக்கை ஏறுவதாகத் தெரிந்தால், எந்த மருந்து, எவ்வளவு என்று கடையில் கேட்காமல் உங்கள் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் பேசலாம்.

எரிபந்தம் என்ற பூஞ்சை நோயும் அப்படித்தான். மார்கழி, தை இரவுகளில் குளிரும் பனியும் சேரும்போது, மென்மையான இலையில் கண் வடிவத்தில் நடு சாம்பல் நிறமாகப் புள்ளி விழும். அது கதிரின் கழுத்தில் ஏறிவிட்டால் கதிர் முழுக்க வெள்ளையாகிவிடும். மடல் வெளிறல் நோய், இலையை மடிக்கும் மடிச்சுக்கட்டிப் புழு எல்லாமே அடர்ந்து கறுத்த பயிரைத்தான் முதலில் பிடிக்கும்.

மாமா இலை வெளுக்கிறது என்கிறாரே, அதைத் தட்டிவிட வேண்டாம். அவருடைய கண் பொய் சொல்லாது, ஆனால் எந்த இலை வெளுக்கிறது என்று பார்க்க வேண்டும். அடியிலுள்ள பழைய இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் நைதரசன் பசி. பழைய இலையின் நுனியும் விளிம்பும் மட்டும் மஞ்சளாகிப் பழுப்பாகி, நடு பச்சையாகவே இருந்தால் அது பொட்டாசியம் இல்லாத குறை. 100 கிலோ யூரியா வாங்கிய வயலில் முதலாவது நடக்க வாய்ப்புக் குறைவு. இரண்டாவதுதான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் யூரியாவைத் தவிர வேறு பசளையின் பெயரே இல்லை. விலை ஏறிய காலத்தில் எம்ஓபி என்ற பொட்டாசியப் பசளையை விட்டுவிட்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். தண்டுக்கு உரம் கொடுப்பதும், இலையில் செய்த மாச்சத்தை மணிக்குக் கொண்டுபோக உதவுவதும் பொட்டாசியம்தான். அது இல்லாத வயலில் யூரியாவைக் கூட்டக் கூட்ட இன்னும் வேகமாகப் படுக்கும்.

அப்படியென்றால் இந்தக் கிழமை செய்ய வேண்டியது இதுதான். வக்கடையைத் திறந்து தண்ணீரை வடித்து, நாலைந்து நாள் கால் புதையாத பதத்துக்கு வயலைக் காயவிடுங்கள். வெடிப்பு விடும்வரை விட வேண்டாம், இன்னும் சில நாளில் உள்ளே கதிர் உருவாகத் தொடங்கும், அந்த நேரத்தில் பயிர் தாகத்தைத் தாங்காது. காயவிட்டால் வேர் ஆழமாக இறங்கும், அடியில் காற்றோடும், பிந்திய மட்டம் வெடிப்பதும் குறையும். பிறகு தண்ணீர் கட்டும்போது ஏக்கருக்கு 25 கிலோ எம்ஓபி எறியுங்கள். அவ்வளவுதான். உங்கள் முறைத் தண்ணீர் என்றைக்கு என்று முதலில் விசாரித்துக்கொண்டு வடியுங்கள். வடித்த பிறகு தண்ணீர் வராமல் திண்டாடக்கூடாது.

அதற்குப் பிறகும் கை பரபரத்தால் ஒரு இலை வர்ண அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கமநல சேவை நிலையத்திலோ போதனாசிரியரிடமோ கேளுங்கள். வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சைவரை கட்டம் போட்ட சிறிய பிளாஸ்ரிக் அட்டைதான். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெயில் முதுகில் விழும்படி நின்று, உங்கள் நிழலில் அட்டையைப் பிடியுங்கள். மேலேயுள்ள முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை, பிடுங்காமல், கட்டத்தோடு ஒட்டிப் பாருங்கள். பத்து இடத்தில் பார்த்து, ஆறு இலையாவது வெளிறிய கட்டத்தில் விழுந்தால்தான் யூரியா. எந்தக் கட்டத்துக்குக் கீழே வந்தால் போடுவது என்பதை உங்கள் நெல் இனத்துக்கும் எறிந்து விதைத்த பயிருக்கும் பொருத்தமாகப் போதனாசிரியரிடம் குறித்து வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். மாமாவையே பார்க்கச் சொல்லலாம்.

மாமாவின் மனத்தை நான் அறிவேன். நம்மவர்களுக்கு இந்தப் பழக்கம் ஒருநாளில் வந்ததல்ல. 2005இல் 50 கிலோ யூரியாவை 350 ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த விலையில் அளவு பார்த்துப் போட யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. பிறகு 2021 ஏப்ரல் கடைசியில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்த முடிவெடுத்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் பாதி கைமீறிப் போயிருந்தது. பசளை இல்லாத வயல் எப்படி இருக்கும் என்று அந்தப் போகம் எல்லாருக்கும் காட்டியது. மஞ்சளாகி, மட்டம் வெடிக்காமல், முழங்கால் உயரத்தில் கதிர் பறிந்து நின்ற வெள்ளாமையைப் பார்த்துப் பெரிய மனிதர்கள் வரம்பிலிருந்து அழுததை நான் கண்டேன். அந்தப் பயத்தில்தான் இப்போது கிடைக்கும்போதே எறிந்துவிட வேண்டும் என்கிறார்கள். யூரியாவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அளவான யூரியா இல்லாமல் இன்றைய நெல் இனங்களில் 30 மூடை வெட்ட முடியாது.

நிலம் சத்துக் கெட்டுவிட்டது என்பதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அதற்கு மருந்து யூரியா இல்லை. அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறோம். பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. எரித்தால் நைதரசன் புகையாகப் போய்விடும், சாம்பலில் மிஞ்சிய பொட்டாசியத்தை முதல் மழை அடித்துக்கொண்டு போகும். வெட்டு மெசின் போட்ட வைக்கோலை வயல் முழுக்கப் பரப்பிவிட்டு, விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே தண்ணீர் கட்டி உழுது மடக்கிவிடுங்கள். மூன்று நாலு போகம் விடாமல் செய்தால் உழும்போதே மண் இளகுவது தெரியும்.

அடுத்த போகத்துக்கு விதையையும் குறையுங்கள். ஏக்கருக்கு 2 புசல் (ஏறத்தாழ 40 கிலோ) போதும். நம் பக்கத்தில் மூன்றும் நாலும் எறிகிறார்கள். நெருக்கமாக விழுந்த பயிருக்கு யூரியாவும் கூடினால் போன போகம் நடந்ததுதான் திரும்ப நடக்கும். யூரியாவை ஏக்கருக்கு 90 கிலோவோடு நிறுத்தி, விதைத்து 2 கிழமையில் 20, 4 கிழமையில் 30, 6 கிழமையில் 26, கடைசியாக 7ஆம் கிழமையில் 14 கிலோ என்று பிரியுங்கள். கடைசிப் பங்கை அட்டையைப் பார்த்துவிட்டு, தேவையென்றால் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் புல்லை அடக்கிவிட்டு, தண்ணீரைப் பாதம் நனையும் அளவுக்கு வடித்து, பனி காய்ந்த பிறகு எறிந்து, மூன்று நாள் வக்கடையை அடைத்து வையுங்கள். வானம் கறுத்து நிற்கும் நாளில் எறிந்தால் அது உங்கள் வயலுக்கு இல்லை, குடாவுக்கு.

மாமா அப்படியும் சமாதானமாகாவிட்டால், அவருக்கென்று ஒரு மூலையில் பத்து முழத்துக்குப் பத்து முழம் வரம்பு கட்டிக் கொடுங்கள். அதற்குள் அவர் கேட்கும் அளவைப் போடட்டும், வெளியே நான் சொன்னபடி நீங்கள் செய்யுங்கள். அறுவடையன்று இரண்டிலும் ஒரே அளவு நிலத்தை வெட்டி, தூற்றி, காயவைத்து நிறுத்துப் பாருங்கள். அந்த நிறையை எனக்கும் எழுதுங்கள். அதற்கு முன்னால், நிலாவெளிக் கிணற்றின் பரிசோதனை முடிவு கைக்கு வந்த அன்றே எழுதுங்கள். அதைத்தான் முதலில் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.